பழைய கூந்தற் சீப்பின் ஊரும் வயதும்

வாழைத்தாரில் ஒரு வரிசையாக அமைந்த காய்களை நாம் ஒரு சீப்பு என்கிறோம். ஓர் அடியிலிருந்து பல விரல்கள் நிரையாகக் கிளைத்து நிற்கும் தோற்றமே அதற்கு அப்பெயரைத் தந்தது எனலாம். தலைவாரும் சீப்பின் இலக்கணமும் அதுவே. மேலே ஒரு முதுகு, அதன்கீழ்ப் பற்கள். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது தலைவாரும் சீப்பு அன்று. வாரி முடித்த கொண்டையில் செருகி, அது குலையாமல் நிற்பதற்கும், காண்போர் கண்ணுக்கு அழகாக இருப்பதற்கும் அணியப்பெற்ற அலங்காரச் சீப்பே நம் பொருள். அதில் பற்கள் கூந்தலுக்குள் மறைந்துவிடும். முதுகு மட்டுமே வெளியே தெரியும். ஆகவே கைவினைஞன் தன் திறமை முழுவதையும் அந்த முதுகின்மீது காட்டினான்.

தமிழ்ப் பெண்டிர் கூந்தலுக்குப் பூவையும், ராக்கொடி, சடைவில்லை முதலிய பொன்னணிகளையுமே பெரிதும் விரும்பினர். கொண்டையில் சீப்பை அணியும் வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை. எனினும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் கோவாவிலும் வாழ்ந்துவரும் நம்மவர் வீடுகளிலும், அந்நகரங்களின் பழம்பொருள் கடைகளிலும் இத்தகைய சீப்புகள் அவ்வப்போது கண்ணிற்படுகின்றன. கடைக்காரர், ‘இது அசல் தந்தம், இருநூறு ஆண்டுப் பழமை, ஒரு நவாபின் அரண்மனையிலிருந்து வந்தது’ என்று சொல்லி விலை கூறுவார். வீட்டிலிருப்பதாயின், ‘இது கொள்ளுப்பாட்டியின் பாட்டி காலத்தது’ என்று ஒரு கதை வழங்கும். இவற்றில் எது மெய், எது பொய் என்று அறிவது எப்படி?

இதைப் பொழுதுபோக்கான வினா என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. முதலாவதாக, பணம் ஏமாறக்கூடிய இடம் இது. இரண்டாவதாக, தந்தமும் ஆமை ஓடும் இன்று சட்டத்தால் காக்கப்பெறும் பொருள்கள். கையிலிருப்பது எது என்று அறியாமல் வாங்குவோரும் விற்போரும் குற்றத்திற்கு ஆளாகலாம். மூன்றாவதாக, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்களில் வீடும் நிலமும் பின்தங்கிவிட, பெட்டிக்குள் அடங்கும் சிறு பொருள்களே முன்னோரின் வரலாற்றைத் தாங்கி உடன் வருகின்றன. அவற்றின் உண்மையான கதையை அறிந்துவைப்பது நம் கடமையாகும்.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட எம்மனோர்க்குப் பழக்கமான ஒரு நியதி உண்டு. ஒரு நூலின் காலம் தெரியாவிட்டால், அதிலுள்ள மிகப் புதிய சொல் எது என்று தேடுவோம். அச்சொல் வழக்கிற்கு வருவதற்குமுன் அந்நூல் எழுதப்பட்டிருக்க முடியாதன்றோ? சீப்புக்கும் அதே நியதி பொருந்தும். சீப்பிலுள்ள பொருள், செய்முறை, வடிவம், முத்திரை ஆகியவற்றுள் எது காலத்தால் பிந்தியதோ, அதுவே சீப்பின் வயதை வரையறுக்கும். பழைய வடிவத்தைப் புதிய காலத்தில் நகல் செய்யலாம். ஆனால் இன்னும் கண்டுபிடிக்கப்படாத பொருளால் எவரும் எதையும் செய்ய இயலாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கதைகள் தாமே உதிர்ந்துவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இயற்கைப் பொருள்களுள் தந்தம், எலும்பு, கொம்பு, ஆமை ஓடு, மரம், உலோகம் என்பன முக்கியமானவை. சிந்துவெளி நகரங்களிலேயே தந்தச் சீப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே தந்தம் என்று அறிந்த அளவில் வயது தெரிந்துவிடாது. ஆயினும் தந்தம் தந்தந்தானா என்பதை முதலில் நிச்சயிக்க வேண்டும். ஒரு பூதக்கண்ணாடி போதும். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் வளைகோடுகள் இரு திசையிலும் ஓடி ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தோன்றும். நீளவாட்டில் அறுத்த பலகையில் மெல்லிய கோடுகள் சற்றே நெளிந்து, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் செல்லும். எலும்பில் இக்கோடுகள் இரா; இரத்த நாளங்கள் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும் சிறு கீற்றுகளாகவும் தெரியும். கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டவைபோல ஒரே இடைவெளியில் நேராக ஓடினால், அது தந்தமும் அன்று, எலும்பும் அன்று. தந்தத்தைப்போலச் செய்த செயற்கைப் பொருளே. இயற்கை அத்துணை ஒழுங்காகக் கோடு போடுவதில்லை.

ஆமை ஓடு என்று வணிகர் கூறுவது அழுங்காமை என்னும் கடலாமையின் முதுகுத் தகடாகும். தேன் நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகள் படர்ந்த அதன் அழகு உலகெங்கும் விரும்பப்பட்டது. சூடேற்றினால் வளையும், அழுத்தினால் இரு தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இக்குணங்களால் சீப்புக்கு அதனினும் ஏற்ற பொருள் இல்லை என்று கருதினர். அதன் திட்டுகளைப் பூதக்கண்ணாடியில் நோக்கினால், நிறம் நுண்ணிய புள்ளிகளின் கூட்டமாகப் பிரிந்து தெரியும். திட்டின் ஓரம் மெல்லக் கரைந்து மறையும். போலியில் நிறம் பட்டைப் பட்டையாகவோ, பாலில் ஊற்றிய காப்பி போலச் சுழன்றோ இருக்கும். கொம்பையும் சாயமிட்டு ஆமை ஓடு என்று விற்றதுண்டு. அங்கே சாயம் மேற்பரப்பில் மட்டுமே நிற்பதால், தேய்ந்த ஓரத்திலும் பல்லின் இடுக்கிலும் கொம்பின் இயல்பான நிறமும் நார்க்கோடுகளும் வெளிப்பட்டுவிடும்.

இனிச் செயற்கைப் பொருள்கள். இவையே காலக் கணக்கிற்கு நமக்குப் பெருந்துணை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக்கிய வல்கனைட் என்னும் பொருளுக்கு அமெரிக்காவில் 1851-இல் உரிமை பெறப்பட்டது. இங்கிலாந்தில் 1861-இல் விக்டோரியா அரசியார் கணவரை இழந்து நெடுங்காலம் துக்கம் காத்தார். அதனையொட்டிக் கருநிற அணிகள் பெருவழக்காயின. விட்பி என்னும் கடற்கரை ஊரில் எடுக்கப்பெற்ற ஜெட் என்னும் கருங்கல் நிலக்கரியின் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு மலிவான மாற்றாக வல்கனைட் பயன்பட்டது. இரண்டையும் பிரித்தறிவது எளிது. வல்கனைட் வெயில் பட்ட இடத்தில் நாளடைவில் பழுப்பேறும். ஜெட் கருமை மாறாது. வல்கனைட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக நெடி எழும்.

அடுத்து வந்தது செல்லுலாய்ட். 1862-இல் லண்டன் பொருட்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் இதற்கு முன்னோடியான ஒரு பொருளைக் காட்டினார். 1870-இல் அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹையட் தம் சகோதரருடன் செல்லுலாய்டுக்கு உரிமை பெற்றார். நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்த பஞ்சோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்து செய்வது அது. பார்வைக்குத் தந்தமாகவும் ஆமை ஓடாகவும் கொம்பாகவும் வேடம் தரிக்க வல்லது. அந்நாளில் உலகச் சந்தைக்கு வந்த கற்பூரத்தில் பெரும்பகுதி ஃபார்மோசாத் தீவில் விளைந்தது. அத்தீவை ஆண்ட ஜப்பானிய அரசு 1899-இல் கற்பூர வாணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. ஜப்பானில் செல்லுலாய்ட் தொழில் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. செல்லுலாய்டைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்தால் சூடத்தின் மணம் மெல்லியதாக எழும். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்று பழமொழி சொல்லி வளர்ந்த நமக்கு, அதை இன்னதென்று கண்டுகொள்ள வேறு ஆசிரியர் வேண்டுவதில்லை. அந்த மணம் எழுந்த மாத்திரத்தில், சீப்பு 1860-களுக்கு முற்பட்டதன்று என்று துணிந்து கூறிவிடலாம்.

1890-களின் இறுதியில் ஜெர்மனியில், பாலிலிருந்து எடுக்கும் கேசினைக் கொண்டு ஒரு பொருள் செய்தனர். தேய்த்தால் பால் தீய்ந்ததுபோல் ஒரு வாடை வரும். 1909-இல் பேக்கலண்ட் என்பார் பேக்கலைட்டுக்கு உரிமை பெற்றார். 1930-களில் கண்ணாடி போலத் தெளிந்த அக்ரிலிக் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், உருக்கி அச்சுக்குள் செலுத்தி நொடிப்பொழுதில் வார்க்கும் பிளாஸ்டிக்குகள் சந்தையை நிறைத்தன. இவ்வாறு ஒவ்வொரு பொருளும் ஒரு வாயிற்படி. அதற்கு முற்பட்ட காலத்திற்குள் அப்பொருள் நுழைய முடியாது.

பொருளுக்கு அடுத்தபடி செய்முறையைக் கவனிக்க வேண்டும். கையால் வாளிட்டு அறுத்த பற்களின் இடைவெளி முற்றிலும் ஒரே அளவினதாக இராது. பல் முதுகோடு சேரும் மூலையில் வாளின் நுனி சற்றே ஆழ இறங்கிய தடம் தெரியும். எந்திரம் அறுத்தவை இம்மி பிசகாமல் ஒத்திருக்கும். அச்சில் வார்த்த சீப்பிலோ, அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் பல்லின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய பொருத்துக்கோடு ஓடும். நகத்தால் தடவினாலே அகப்படும். முதுகிலுள்ள பூவேலையைப் பார்க்கும்போது துளைகளின் உட்புறத்தையும் நோக்க வேண்டும். நுண்வாளால் இழைத்திருந்தால் உட்சுவரில் வாளின் கீறல்கள் இருக்கும். வார்ப்பாயின் வழவழப்பாக இருக்கும். கற்கள் உலோகப் பற்களால் கவ்வப்பட்டுள்ளனவா, குழி தோண்டிப் பதிக்கப்பட்டுள்ளனவா, வெறுமனே பசையால் ஒட்டப்பட்டுள்ளனவா என்பதையும் காண வேண்டும். செல்லுலாய்ட் சீப்புகளில் கண்ணாடிக் கற்களை ஒவ்வொன்றாகக் குழியில் பதித்தனர்.

தேய்மானமும் ஒரு சாட்சி. பல்லாண்டு அணிந்த சீப்பில் பற்களின் நுனி வழவழப்பாகும். முதுகில் கைபடும் இடம் மெருகேறும். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். பழமை தோன்றும்படி செயற்கையாகத் தேய்த்ததில் கீறல்கள் ஒரே திசையில் செல்லும். அழுக்கு, படியவேண்டிய மூலைகளை விட்டு மேட்டில் படிந்திருக்கும். ஒடிந்த முதுகை உலோகத் தகடு வைத்துத் தறைந்திருந்தால், வணிகர் அதைக் குறையென்று மறைப்பார். நமக்கோ அது, அக்காலத்தில் அச்சீப்பை எறிய மனமில்லாமல் காசு கொடுத்துச் செப்பனிட்டார்கள் என்னும் செய்தியைத் தருகிறது.

மூன்றாவது, வடிவம். சீப்பின் வடிவம் கொண்டையின் வடிவத்தைப் பின்பற்றியது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கிரேக்க, ரோமானியப் பாணியில் மகுடம்போல் நிமிர்ந்து நிற்கும் சீப்புகளை அணிந்தனர். பொன்முலாமிட்ட உலோக வேலியில் முத்தும் பவளமும் பதித்தனர். 1820-களிலும் 1830-களிலும் கொண்டை உச்சிக்கு ஏறியது. சீப்பும் உடன் உயர்ந்தது. தென்னமெரிக்காவில் புவனோஸ் ஐரிஸ் நகரத்து மாதர் 1830-களில் அணிந்த ஆமையோட்டுச் சீப்பு, ஒரு முழத்துக்கும் மேற்பட்ட அகலத்திற்கு விரிந்து, பத்திரிகைகளின் கேலிச்சித்திரங்களுக்கு இலக்காயிற்று. 1860-களில் முதுகையும் பற்களையும் கீல் வைத்து இணைத்த சீப்புகள் பரவின. பற்களைக் கொண்டையில் செருகிய பின்னர் முதுகை வேண்டிய சாய்வில் நிறுத்திக்கொள்ளலாம். 1900-ஐ ஒட்டிப் பாரிசில் ரெனே லாலிக் முதலிய கலைஞர்கள் தந்தத்தையும் ஓட்டையும் விட்டுச் சாதாரணக் கொம்பை எடுத்து, இலையும் தும்பியும் மலரும் அதில் உயிர்பெறச் செய்தனர். பொருளின் விலையைவிடக் கலையின் விலை உயர்ந்தது அப்போதுதான்.

1910 முதல் 1925 வரை செல்லுலாய்டின் பொற்காலம் எனலாம். மயில்தோகைபோல் விரிந்த பெரிய சீப்புகள் பளிச்சென்ற நீலத்திலும் சிவப்பிலும் கண்ணாடிக் கற்கள் மின்ன வந்தன. 1922-இல் எகிப்தில் தூத்தன்காமனின் கல்லறை திறக்கப்பட்ட பின்னர், எகிப்தியக் கோலங்களும் அவற்றில் ஏறின. ஆனால் அதே பத்தாண்டில் மேனாட்டு இளம்பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டனர். கொண்டையே போனபின் கொண்டைச் சீப்புக்கு வேலை ஏது? அமெரிக்காவில் சீப்பு நகரம் என்று பெயர்பெற்ற லெமின்ஸ்டரின் தொழிற்சாலைகள் வேறு பொருள்களுக்கு மாறவேண்டி வந்தது. பிரான்சில் கொம்புச் சீப்புக்கும் பின்னர் செல்லுலாய்ட் சீப்புக்கும் புகழ்பெற்றிருந்த ஓயொன்னா நகரமும் இன்று பிளாஸ்டிக் தொழிலுக்கே பெயர் பெற்றுள்ளது. ஆயினும் வடிவத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஸ்பெயின் நாட்டு மாதர் மெல்லிய பின்னல் முக்காட்டைத் தாங்குவதற்கு அணியும் உயர்ந்த சீப்பு, திருவிழாக்களில் இன்றும் அணியப்படுகிறது, இன்றும் செய்யப்படுகிறது.

ஊரை அறிவதற்கு வடிவமும் பொருளும் சேர்ந்து துணைபுரியும். ஜப்பானியச் சீப்பு பெரும்பாலும் தாழ்ந்த வளைவான முதுகுடையது. மரத்தின்மீதோ ஆமை ஓட்டின்மீதோ அரக்குப் பூசி, அது உலருமுன் பொன்தூளைத் தூவி, நாரையையும் செர்ரி மலரையும் வரைவர். சித்திரம் ஒரு பக்கத்தில் தொடங்கி முதுகின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். கலைஞனின் ஒப்பமும் மூலையில் இருப்பதுண்டு. இலங்கையின் தாழ்நிலப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் சிங்கள ஆடவரே, நீண்ட கூந்தலைப் பின்னே முடித்து, உச்சியில் வளைந்த ஆமையோட்டுச் சீப்பை அணிந்தனர். ஆகவே சீப்பு என்றால் பெண்ணுக்குரியது என்று முடிவு செய்வது எல்லா இடத்திலும் பொருந்தாது.

நம் நாட்டைப் பார்த்தால், ஒடிசாவில் கட்டாக், பரலாகேமுண்டி ஆகிய ஊர்களிலும் உத்தரப் பிரதேசத்தில் சம்பலிலும் கொம்பு வேலை சிறந்து விளங்கியது; அங்கெல்லாம் சீப்பும் செய்தனர். பஸ்தார்ப் பகுதியின் முரியா இளைஞர் தாம் விரும்பிய பெண்களுக்கென்று மரச் சீப்புகளைச் செதுக்கித் தந்ததை வெரியர் எல்வின் தம் 1947-ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியுள்ளார். அச்சீப்பில் கணித ஒழுங்கை நாடக்கூடாது. கத்தி சென்ற தடமே அதன் கையெழுத்து. சுதேசி இயக்கம் வங்கத்தில் கொழுந்துவிட்ட காலத்தில் மன்மதநாத கோஷ் என்பவர் ஜப்பான் சென்று செல்லுலாய்ட் தொழிலைக் கற்றுத் திரும்பி, ஜெசோர் நகரில் சீப்புத் தொழிற்சாலை கண்டார். அந்நியச் சீப்பைத் தலையிலிருந்து இறக்கி வைத்த வங்க மாதர்க்கு ஜெசோர்ச் சீப்பு பெருமைக்குரிய பொருளாயிற்று. அந்நகரம் இன்று வங்கதேசத்தில் உள்ளது. ஆகவே கல்கத்தாவின் பழைய வீடுகளில் காணும் செல்லுலாய்ட் சீப்புகள் எல்லாம் மேனாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடலாகாது.

நான்காவது, முத்திரை. வெள்ளி முதுகுடைய ஆங்கிலச் சீப்பாயின், சிங்க உருவமும் நகர முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் இருக்கும்; அவ்வெழுத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் ஆண்டே கிடைத்துவிடும். 1784 முதல் 1890 வரை, வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையுருவும் பொறிக்கப்பட்டது. பிறையும் மகுடமும் சேர்ந்திருந்தால் ஜெர்மனி. அது 1888-க்குப் பிற்பட்டது. 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டும் என்று விதித்தது. அதன்படி ஜப்பானியர் முதலில் ‘நிப்பான்’ என்று எழுதினர். 1921-இல் அச்சொல் ஏற்கப்படாமற் போகவே, ‘ஜப்பான்’ என்று எழுதலாயினர். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது 1947-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. ஆனால் இவ்விதிகள் அமெரிக்காவுக்குச் சென்ற சரக்கைப் பற்றியவை. ரங்கூனுக்கோ கல்கத்தாவுக்கோ வந்த சரக்கை இவற்றை மட்டும் கொண்டு அளப்பது தவறு.

எழுத்தின் வடிவம் வயதைக் காட்டும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்றும் உண்டு. இஸ்ரேலில் லாகிஷ் என்னுமிடத்தில் 2016-இல் ஒரு சிறு தந்தச் சீப்பு அகப்பட்டது. அதில் கீறியிருந்த எழுத்துகளை 2022-இல் படித்தனர். தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் ஒழிக்கட்டும் என்பது அதன் கருத்து. ஆய்வுக்கூடத்தில் கரி அளவை கொண்டு வயது காண முயன்றது பலிக்கவில்லை. எழுத்துகளின் பழமையான வடிவத்தைக் கொண்டே அது கி.மு. 1700-ஐ ஒட்டியதாகலாம் என்று அறிஞர் கணித்தனர்.

இந்த நான்கு வழிகளையும் ஒருங்கே பயன்படுத்துவதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். தலைநகரில் எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழ் மூதாட்டியார் ஒருவர், தம் மாமியார் விட்டுச்சென்ற சீப்பொன்றைக் காட்டினார். பாலாடை நிறம், முதுகில் கொடிப்பூ வேலை, இரண்டு பற்கள் ஒடிந்திருந்தன. கடைக்காரர் ஒருவர் அது நூற்றைம்பது ஆண்டுப் பழமையுள்ள தந்தம் என்று கூறி, நல்ல விலை பேசியிருந்தார். விற்றுப் பங்கிட்டுக்கொள்வதா, வீட்டிலேயே வைத்திருப்பதா என்று பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் முளைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தோம். கோடுகள் நூல் பிடித்ததுபோல நேராக ஓடின. கட்டைவிரலால் தேய்த்தோம், சூடத்தின் மணம் எழுந்தது. பற்களின் இடைவெளி எந்திரத்தின் ஒழுங்கைக் காட்டியது. முத்திரை ஏதுமில்லை. ஆகவே அது செல்லுலாய்ட். நூற்றைம்பது ஆண்டு என்பது அநேகமாகக் கற்பனை.

‘அப்படியானால் எங்கள் மாமியார் சொன்னதுதான் சரி’ என்றார் மூதாட்டியார். மாமியார் மணமாகி ரங்கூனில் குடியேறிய பின்னர் அங்கே கடைத்தெருவில் அதை வாங்கினாராம். பர்மியப் பெண்கள் கொண்டையில் சீப்பணியும் அழகைப் பார்த்து ஆசைப்பட்டாராம். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது கால்நடையாகப் புறப்பட்ட கூட்டத்தில், மடியில் முடிந்துகொண்டு வந்த சில பொருள்களுள் இதுவும் ஒன்று. மேல் எல்லையை 1942 தருகிறது. கீழ் எல்லையைப் பொருளும், மாமியார் மணமாகி ரங்கூன் சென்ற காலமும் தருகின்றன. இவ்வாறு 1930-களின் சரக்கு என்று கொள்ள இடமுண்டு. தந்தம் என்ற எண்ணம் நீங்கியதும் பங்குப் பேச்சும் நின்றுவிட்டது. சீப்பு வீட்டிலேயே இருக்கிறது.

இங்கே சில எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது ஒரு பழைய சோதனை. அதைச் செய்யவே கூடாது. செல்லுலாய்ட் எளிதில் தீப்பற்றிக் குப்பென்று எரியும் இயல்புடையது. அன்றியும் குத்திய தழும்பு ஒருபோதும் மறையாது. கல் பதித்த சீப்பை வெந்நீரில் அமிழ்த்துவதும் தவறு. பசை இளகிக் கற்கள் உதிரும். விரலும் மூக்கும் கண்ணாடியும் போதுமானவை. செல்லுலாய்டை விளக்குக்கும் அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்ட வைக்க வேண்டும். காற்றுப் புகாத பெட்டியிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்தால், அதிலிருந்து கசியும் அமிலம் அதையே அரிக்கும். அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். ஒரு சீப்பு வியர்த்தாற்போல் ஈரம் கண்டு, உள்ளே வெடிப்புகள் ஓடத் தொடங்கினால், அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுவது நலம். நோயுற்ற ஒன்று மற்றவற்றையும் கெடுக்கும்.

சட்டத்தைப் பற்றியும் சில சொற்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986-இலும் 1991-இலும் அதற்குச் செய்த திருத்தங்களும் நம் நாட்டில் தந்த வாணிகத்தை அறவே தடுத்துவிட்டன. ஆப்பிரிக்கத் தந்தமும் இத்தடைக்கு விலக்கன்று. அழுங்காமையும் அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. பழையது, பரம்பரைச் சொத்து என்று சொல்லி விற்பதற்கு இடமில்லை. தந்தப் பொருளை வைத்திருப்பதற்கு உரிமைச் சான்று வேண்டும். வாரிசாக வந்தால் வனவிலங்கு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். மேலும், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு எடுத்துச் செல்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே கடைக்காரர் ‘அசல் தந்தம்’ என்று பெருமையோடு சொல்லும்போது, அவர் சொல்வது பொய்யாயின் நாம் ஏமாறுகிறோம். மெய்யாயின் சட்டத்தை மீறுகிறோம். இரண்டும் வேண்டாதவை.

இதில் இன்னொரு நியாயமும் அடங்கியுள்ளது. செல்லுலாய்டைப் போலி என்று இகழ்வது வழக்கம். ஆனால் பல நாட்டு எளிய குடும்பத்துப் பெண்கள் முதன்முதலாகக் கொண்டையில் அழகிய சீப்பணிந்தது அதனால்தான். ஒரு தந்தச் சீப்புக்கு ஒரு யானை உயிரிழக்க நேர்ந்தது. ஆமையோட்டுச் சீப்புக்கு ஒரு கடலாமை மடிந்தது. கற்பூரமும் பஞ்சும் சேர்ந்த சீப்போ அத்தகைய பழிக்கு ஆளாகவில்லை. ஆகவே கையிலிருப்பது தந்தமன்று, செல்லுலாய்ட் என்று தெரியவரும்போது வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய சீப்பொன்று இருக்குமாயின், நல்ல வெளிச்சத்தில் அதை எடுத்துப் பாருங்கள். பொருள், செய்முறை, வடிவம், முத்திரை என்ற வரிசையில் ஆராயுங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். அது எவருடையது, எந்த ஊரில் வாங்கியது, எப்போது அணிந்தார் என்று வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, அதையும் அவர் பெயரோடும் தேதியோடும் கீழே குறித்துச் சீப்போடு சேர்த்து வையுங்கள். சீப்பின் பொருளையும் செய்முறையையும் நூறாண்டுக்குப் பின்னரும் எவரும் ஆராய்ந்து கொள்ளலாம். அதை அணிந்தவர் யார் என்பதைச் சொல்ல வல்லவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களைக் கேட்பதற்கு இதுவே காலம்.